ஊசிக் கணக்கு

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் தைக்கிற யாரைக் கேட்டாலும் இந்த விதியைச் சொல்வார்கள். மிஷினில் ஊசி உடைந்தால் டெய்லர் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்கும் வரை அந்த மிஷின் ஓடாது. கிடைத்த துண்டுகளை ஒரு தாளில் முழு ஊசியாக அடுக்கிப் பார்த்து, செல்லோடேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டி, தேதி, மிஷின் நம்பர், டெய்லர் பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அக்கம்பக்கத்து பீஸ் அத்தனையும் தனியாக ஒதுக்கி நீடில் டிடெக்டரில் விட வேண்டும். 1 மில்லிமீட்டர், 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பதித்த அட்டையைப் போட்டு, அந்த டிடெக்டரே சரியாக வேலை செய்கிறதா என்றும் அவ்வப்போது பார்ப்பார்கள். ஜப்பான் ஆர்டர் என்றால் கெடுபிடி கூடும். குழந்தைத் துணி என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். திருப்பூரில் சின்ன நர்ஸிங் ஹோம், பெரிய ஆஸ்பத்திரி என்று பல இடங்களில் வேலை பார்த்துத் தலை நரைத்துவிட்டது. எங்களுக்கும் ஏறக்குறைய இதே விதிதான். எங்கள் ஊசி சட்டைக்குள் தங்குவதில்லை, ஆள் வயிற்றுக்குள் தங்கும். ஆனால் அந்த விதியை கம்பெனிக்காரர்கள் எங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று எனக்கு ஒரு தையல் விபத்தில்தான் புரிந்தது.

ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். இந்த ஊரில் இது தினசரி கேஸ். எக்ஸ்ரேயில் நகத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு. விரலை மரத்துப்போக வைத்து, கீறி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் டாக்டர் இழுத்தார். கிட்னி டிரேயில் டிங் என்று விழுந்தது. அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, இன்னிக்குப் பொழுது போச்சுங்களா?" கதவுக்கு வெளியே ஐடி கார்டு தொங்கவிட்டபடி ஒரு பையன். கம்பெனி குவாலிட்டிக்காரன்.

"சிஸ்டருங்க, அந்தத் துண்டக் குப்பையில போட்ராதீங்க. எனக்கு வேணுமுங்க."

"இதை வெச்சு என்னப்பா பண்ணுவே?"

"ரிஜிஸ்டர்ல ஒட்டோணுங்க. மூணா ஒடஞ்சுதுங்க. ரெண்டு கெடச்சிருச்சு. இதுவும் வந்தாத்தான் லைன் ஓடுமுங்க."

துண்டைக் கழுவி, ஸ்பிரிட்டில் போட்டு எடுத்து, காலி மருந்துக் குப்பியில் அடைத்துக் கொடுத்தேன். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கப்போகிறவர் எந்த நாட்டிலோ இருக்கிறார். அவர் உடம்பில் ஒரு கீறல் விழக்கூடாது என்று இந்தப் பையன் எங்கள் வாசலில் காத்து நிற்கிறான்.

எங்கள் கணக்கு எப்படி என்று சொல்கிறேன். தியேட்டர் சுவரில் ஒரு போர்டு இருக்கும். வயிற்றைத் திறப்பதற்கு முன் ரத்தம் ஒற்றுகிற மாப் எத்தனை, காஸ் துணி எத்தனை, ஊசி எத்தனை என்று இரண்டு பேர் சத்தமாக எண்ணி அதில் எழுத வேண்டும். நடுவில் புதுக் கட்டு பிரித்தால் கூட்டி எழுத வேண்டும். உள்ளே மூடுவதற்கு முன் ஒருமுறை, தோல் தைப்பதற்கு முன் இன்னொருமுறை எண்ண வேண்டும். ரத்தத்தில் ஊறிச் சுருண்ட காஸ் குடல் மடிப்புக்குள் போய்விட்டால் கண்ணுக்கு அது காஸாகவே தெரியாது. கைக்கும் தெரியாது. எண்ணிக்கையை விட்டால் வேறு வழியில்லை.

எண்ணிக்கை குறைந்தால் சொல்ல வேண்டியவள், வெளியே நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிற சர்க்குலேட்டிங் நர்ஸ். பெரும்பாலும் படிப்பு முடித்து அப்போதுதான் வந்த பெண். டேபிளுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் ஊரறிந்த சர்ஜன். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு சர்ஜனும் மயக்க டாக்டரும் வெளியிலிருந்து வந்து போகிறவர்கள். இங்கே முடித்ததும் அவிநாசி ரோட்டில் இன்னொரு தியேட்டரில் அவருக்காக ஆளை மேசையில் படுக்க வைத்திருப்பார்கள். "சார், ஒரு காஸ் குறையுது" என்று அந்த நேரத்தில் சொல்ல அந்தப் பெண்ணுக்கு நாக்கு எழ வேண்டும். "நல்லா எண்ணும்மா" என்பார். எண்ணுவாள். மறுபடியும் குறையும். "உள்ளே இல்லை, நான் பாத்துட்டேன்" என்று மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றவரையும் பார்த்திருக்கிறேன். அவர் அன்றைக்கு அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கெட்டைக் கொட்டி, திரைத் துணியை உதறி, கடைசியில் வார்டுபாய் செருப்பு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த காஸைக் கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகு எந்த கேஸிலும் அவர் நூல் கேட்பதற்கு முன்னால் கணக்கைக் கேட்பார். அவர் தியேட்டரில் வேலை பார்த்த பெண்களுக்கு வாய் திறந்ததே அதனால்தான்.

ஒரு இடைச்செருகல். எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் வைத்து நெய்த காஸ் கடையில் கிடைக்கிறது. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஊரே மருத்துவத் துணி நெய்கிறது. அப்படியிருந்தும் சின்ன ஆஸ்பத்திரிகளில் முழுச் சுருளாக வாங்கி, மத்தியானத்தில் ஆயாம்மாக்கள் உட்கார்ந்து வெட்டி மடித்து, ஆட்டோகிளேவில் வேக வைத்து எடுக்கிற சாதாக் காஸ்தான் ஓடுகிறது. அதில் ஒன்று உள்ளே தங்கிவிட்டால் எக்ஸ்ரே எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. நூல் வைத்ததற்கும் வைக்காததற்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு ஆபரேஷன் பில்லில் கண்ணில்கூடப் படாது. இந்தச் சிக்கனம் எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

தியேட்டரை விட்டு வார்டுக்கு வந்தால் முதல் சிக்கல் பெயர். வேறெந்த ஊரையும்விடத் திருப்பூரில் இது பெரிய சிக்கல். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து வேலை பார்க்கிறார்கள். காய்ச்சல் வந்தால் காண்ட்ராக்டரோ ரூம்மேட்டோ கொண்டுவந்து விட்டுவிட்டு ஷிப்ட்டுக்கு ஓடிவிடுவார்கள். ஒரே அறையில் சுனில் குமாரும் அனில் குமாரும் படுத்திருப்பார்கள். நர்ஸ் ட்ரேயோடு போய் "சுனிலா?" என்று கேட்டால் எந்தப் பையனும் தலையாட்டுவான். பாஷை தெரியாத ஊரில் யாராவது எதையாவது கேட்டால் தலையாட்டி வைப்பதுதான் அவர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம். அப்படித் தலையாட்டிய ஒருவனுக்கு ஊசி போடப் போனபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்து, "ஏனுங்கம்மிணி, அந்தப் பையன் வலிப்புக்கு வந்தவனாச்சே, காச்சக்காரன் சன்னலோரம் இருக்கறானே" என்று சொன்னார். அந்த வார்டில் அவரைத்தான் நான் சீனியர் என்பேன்.

அன்றிலிருந்து என்னிடம் வேலை கற்கிற பெண்களுக்கு நான் சொல்வது, பெயரைச் சொல்லிக் கேட்காதே, அவன் வாயால் சொல்ல வை. "உன் பேர் என்ன" என்பதை இந்தியிலும் ஒடியாவிலும் பாடம் செய்து வை. கையில் கட்டிய பட்டையில் பெயரோடு ஐ.பி. (உள்நோயாளி) நம்பரையும் பார். இரண்டும் ஒத்துவந்தால்தான் ஊசி.

பெயரே பொய்யாக இருந்தால்? அதுவும் நடக்கும். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, வெளுத்துப்போய், ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைமையில் வந்தாள். அதே பெயரில் எங்களிடம் பழைய ஃபைல் இருந்தது. அதில் பி பாசிட்டிவ். புதிதாக எடுத்த சாம்பிளில் ஓ பாசிட்டிவ். லேப் பையனைத்தான் எல்லாரும் முறைத்தார்கள். அவன் பாவம், இரண்டாவது சாம்பிள் கேட்டான். அதுவும் ஓ. வார்டன் அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள். பிறகு, "அது எங்கக்கா பேருங்க்கா. எனக்கு இன்னும் பதினெட்டு ஆகல" என்றாள். அக்கா ஆதாரில் வேலை, அக்கா பெயரில் ஈ.எஸ்.ஐ. சட்டம் அவளை என்ன செய்யும், கம்பெனியை என்ன செய்யும் என்பது வேறு விவகாரம். எனக்கு அந்த ராத்திரி தேவைப்பட்டது சரியான ரத்தம். பழைய ஃபைலை நம்பி பி ரத்தம் ஏற்றியிருந்தால் அவள் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். ஒவ்வொருமுறையும் புதிதாக குரூப் பார்க்க வேண்டும் என்ற விதி, பார்க்க வெட்டிச் செலவாகத் தெரிகிற அந்த விதி, அவளைக் காப்பாற்றியது. அக்கா பெயரில் அவளுக்கு மருந்து அலர்ஜி ஏதும் எழுதி வைத்திருந்தால் அதுவும் பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

மருந்து விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் இருக்கலாம். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 20 அல்ல, 50. ராத்திரி 2 மணிக்கு, மங்கிய லைட்டில், தீர்ந்துபோன சிரிஞ்சுக்கு பதில் ஃபார்மஸியில் கொடுத்ததை வாங்கி வரும்போது இது நடக்கும். அதோடு டாக்டர் அவசரத்தில் 'யூ' என்று ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டு யூனிட் என்பார். அந்த எழுத்து சற்று மூடிக்கொண்டால் பூஜ்யம். 6 அறுபதாகிவிடும். 12 மணி நேர டூட்டியின் கடைசியில் இருப்பவளுக்கு அது அறுபதாகவே தெரியும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய டெய்லர்தான் விரலில் ஊசி ஏற்றிக்கொள்கிறார் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய நர்ஸைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

தனி ஆள் தவறு என்று நினைப்பவற்றில் பெரும்பாலானவை இப்படிப் பல கை மாறி வருபவைதான். 2018 டிசம்பர் 3ஆம் தேதி சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்தவர் 19 வயது இளைஞர். 2016இல் ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருக்கிறது. அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. இரண்டாம் முறை கொடுத்தபோது பரிசோதனையும் கோட்டைவிட்டது. பிறகு வெளிநாட்டு வேலைக்காகத் தனியார் லேபில் சோதித்தபோது தெரிந்ததும், அந்தப் பையன் தானே போய் ரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. லேப் ஊழியர்கள் மேல் நடவடிக்கை வந்தது. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் அந்த முழுச் சங்கிலியிலும் உண்மையைத் தானாக வந்து சொன்ன ஒரே ஆள் அந்த இளைஞர். செய்தி ஊரெல்லாம் பரவிய சில நாட்களில் அவர் தற்கொலைக்கு முயன்று மதுரை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். எனக்கு இந்தச் சம்பவத்தில் மனசு ஆறாத இடம் அதுதான்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று நடந்தது. 2020 செப்டம்பர் 22ஆம் தேதி, கொரோனா உச்சத்தில் இருந்தபோது, தாராபுரம் ரோடு அரசு மருத்துவமனையில் கட்டட வேலையின்போது கேபிள் துண்டாகிக் கரண்ட் போனது. அன்று இரண்டு நோயாளிகள் இறந்தார்கள். கரண்ட் போனதால்தான் என்றார்கள் உறவினர்கள். நோயின் தீவிரத்தால் இறந்தார்கள், ஆக்சிஜன் தடைப்படவில்லை என்றது மாவட்ட நிர்வாகம். அதற்கு முந்தைய வருஷம் மே 7ஆம் தேதி மதுரை அரசு மருத்துவமனையில் மழையில் கரண்ட் போய், தீவிர சிகிச்சையில் இருந்தவர்கள் இறந்தபோதும் இதே இரண்டு குரல்கள்தான் கேட்டன. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு காலில் இறுக்கிப் போட்ட கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, காலையும் இழந்து உயிரையும் இழந்தார். டாக்டர்கள் இரண்டு பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். சஸ்பெண்ட் செய்தி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த காலின் விரல் நிறத்தையும் சூட்டையும் எத்தனை மணிக்கு ஒருமுறை யார் பார்த்து எழுத வேண்டும் என்பது எத்தனை வார்டுகளில் மாறியது என்று யாரும் கேட்கவில்லை.

கம்பெனிக்கும் எங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை எனக்கு விளக்கியவர், கம்பெனியில் விதிகள் சரியாக நடக்கிறதா என்று பார்க்கிற ஒரு கம்ப்ளையன்ஸ் மேனேஜர். பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்தவர். அவர் சொன்னார்: "ஆடிட்டர் வந்தா மொதல்ல ஊசி ரிஜிஸ்டரத்தான் கேப்பாருங்க. அது நெறைய இருந்தாத் திட்ட மாட்டாரு. காலியா இருந்தாத்தாங்க மாட்டிக்குவோம். இத்தன மிஷின் ஓடுது, ஒரு ஊசிகூடவா ஒடையலன்னு கேப்பாரு."

எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் அப்படி ஒரு நோட்டு உண்டு, குறிப்பாகத் தரச்சான்று வாங்கிய இடங்களில். தப்பு நடந்தால், நடக்க இருந்து தப்பித்தால் எழுத வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அது மாதக்கணக்கில் வெள்ளையாகக் கிடந்தது. நிர்வாகம் அதைப் பெருமையாகக் காட்டியது. அங்கே சுனிலும் அனிலும் இல்லையா, சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும் இல்லையா? எல்லாம் இருந்தது. எழுதியவளின் சம்பளத்தில் பிடித்தார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு யார் எழுதுவார்கள்? கம்பெனியிலும் ஊசி உடைத்ததற்கு டெய்லரிடம் காசு பிடித்தால், அவள் பையில் சொந்த ஊசி கொண்டுவந்து சத்தமில்லாமல் மிஷினில் மாட்டிவிடுவாள்.

தப்பை எண்ணத் தொடங்கிய இடங்களில்தான் ஏதாவது மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 1999இல் வந்த ஒரு அறிக்கை, ஆஸ்பத்திரித் தவறுகளால் அங்கே வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்றது. அதன் பிறகுதான் அந்த நாடு விழித்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 19 கேள்வி கொண்ட ஆபரேஷன் செக்லிஸ்டை, டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டது. இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகியிருந்தது. அந்தத் தாளில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. இது யார், எந்தப் பக்கம், என்ன அலர்ஜி, காஸ் கணக்கு சரியா. இங்கே பல இடங்களில் கேஸ் முடிந்த பிறகு மொத்தமாக டிக் அடித்து ஃபைலில் வைக்கிறார்கள். அதற்குப் பேசாமல் வைக்காமலே இருக்கலாம்.

நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. பிரசவத்தில் இறக்கிற ஒவ்வொரு தாயின் மரணத்தையும் 1994 முதலே இங்கே ஆய்வு செய்கிறார்கள். எங்கே தாமதம், ரத்தம் ஏன் கிடைக்கவில்லை, ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டார்கள். 2001-03இல் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20இல் 54 ஆனது. 108 ஆம்புலன்ஸ், ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரப் பிரசவம் என்று பல காரணம் சேர்ந்துதான் குறைந்தது, ஆனால் அந்தக் கேள்விகளுக்கும் அதில் பங்குண்டு. அந்தக் கூட்டங்கள் குற்றவாளிக் கூண்டு போல நடக்கின்றன என்று அரசு டாக்டர்கள் மனம் நொந்து சொன்னதும் உண்டு. அதையும் கேட்க வேண்டும். பயந்தவர் பாதிதான் சொல்வார்.

கம்பெனி முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தொழிலாளர்களுக்காக ஏதாவது ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் போடும்போது, தள்ளுபடி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். தப்பு எழுதுகிற நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். காலியாக இருந்தால் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள். ஆள் சேர்க்கும்போது யார் ஆதாரில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். நோயாளி பயமில்லாமல் உண்மையைச் சொல்ல, உங்கள் சூப்பர்வைசரை ஐந்து நிமிஷம் வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

கூட வருகிற சொந்தக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். பெயரை நோயாளியே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். வீட்டில் சாப்பிடுகிற மாத்திரையை "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்று சொல்லாமல் அட்டையோடு கொண்டு வாருங்கள். ட்ரேயோடு வருகிற நர்ஸிடம், இது என்ன மருந்து, யாருக்கு என்று கேளுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்தாலும் பதில் வரும்வரை கையை நீட்டாதீர்கள்.